காய்ப்பு நின்ற வீட்டுத் தோட்டம்: பறிப்பு முறையை மாற்றிப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு வீட்டின் பின்புறத் தோட்டம். நல்ல வெயில் படும் இடம். வெண்டை பத்துப் பன்னிரண்டு செடி, கத்தரி ஆறேழு, பந்தலில் மூன்று வெள்ளரிக் கொடி, கம்பு ஊன்றி ஏற்றிய காராமணி ஒரு வரிசை, மிளகாய், தக்காளி, ஒரு பாத்தியில் கீரை. பார்த்துக்கொள்பவர்கள் நடுவயது தாண்டிய ஒரு தம்பதி. விதைப்பது, தண்ணீர் விடுவது, உரம் வைப்பது எல்லாம் கணவர். பறிப்பது யார் வேலை என்று அந்த வீட்டில் முடிவாகவே இல்லை. அன்றன்றைக்கு எது வேண்டுமோ அதை மனைவி போய்ப் பறித்துக்கொள்வார். மிச்சம் செடியிலேயே நிற்கும். செடியில் இருந்தால் வாடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கணவருக்கு வேறு கணக்கு: "இன்னும் ரெண்டு நாள் விட்டா நல்லா பருத்து வரும்." இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன.

முதல் சில வாரங்கள் காய்ப்பு நன்றாக இருந்தது. நடுவில் இருவரும் இரண்டு வாரம் போல வெளியூர் போக வேண்டி வந்தது. பக்கத்து வீட்டார் தவறாமல் தண்ணீர் விட்டார்கள். காயில் கை வைக்கவில்லை, சொல்லாமல் எப்படிப் பறிப்பது என்ற தயக்கம். திரும்பி வந்தபோது செடிகள் பச்சைப்பசேலென்று இருந்தன. ஆனால் பூ குறைந்துவிட்டது. சத்துக் குறைவு என்று நினைத்துக் கணவர் இரண்டு முறை யூரியா வைத்தார். இலை இன்னும் பெரிதாயிற்று, பூ கூடவில்லை. செடி ஓய்ந்துவிட்டது, பிடுங்கிவிட்டுப் புதிதாக விதைக்கலாம் என்ற முடிவுக்கு வந்த பிறகுதான் என்னிடம் கேட்டார்கள். கேட்டதும் காய்ப்பு ஏன் நின்றது என்று இல்லை, அடுத்து எந்த ரகம் போடலாம் என்று.

தோட்டத்தில் பார்த்தவை

வெண்டைச் செடிகள் ஆள் தோளுயரம் வளர்ந்திருந்தன. உச்சியில் ஒன்றிரண்டு பூ மட்டும். கீழ் இலைகளை விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு செடியிலும் நான்கைந்து முற்றிய காய்கள், ஒரு சாணுக்கு மேல் நீளம், விளிம்புகள் வெளுத்து. நுனியை ஒடித்தால் ஒடியவில்லை, நாராக வளைந்தது. சில காய்கள் காய்ந்து வெடிக்கும் நிலையில் இருந்தன.

வெண்டையில் இதை எல்லா இடத்திலும் பார்க்கலாம். பூ ஒரே நாள்தான் விரியும். அதிலிருந்து நான்கு முதல் ஆறு நாளுக்குள் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் காய் இலை நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். அந்த அம்மா கீழ்க் காய்களைத் தொடாததற்கு இன்னொரு காரணமும் பேச்சுவாக்கில் வெளிவந்தது. வெண்டையின் சுணை பட்டால் அவருக்குக் கையெல்லாம் அரிக்கும். அதனால் கைக்கு எட்டும் மேல் காய்களை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுவார்.

காராமணியில் இருந்தது வேறு விதமான சேதம். பல காய்களில் பயறு புடைத்துத் தெரிந்தது, சில கொடியிலேயே காய்ந்துவிட்டன, அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. பறித்த இடங்களைக் கவனித்தால், காயோடு சேர்த்து நீளமான பூங்காம்பையும் இழுத்துப் பிய்த்திருந்தார்கள். பிய்க்காமல் நின்ற ஒரு காம்பின் நுனியைக் கிட்டத்தில் பார்க்கச் சொன்னேன். இரண்டு காய்கள் தொங்கும் இடத்துக்கு மேலே, அரிசியைவிடச் சிறிய மொட்டுக் குருத்துகள் இருந்தன. அடுத்த சோடிக் காய் வர வேண்டியது அங்கிருந்துதான். காம்பு போனால் அந்த வாய்ப்பும் போயிற்று.

வெள்ளரியில் மூன்று கொடிகளில் நன்றாக வளர்ந்த ஒன்றின் அடியில் பெரிய மஞ்சள் காய் ஒன்று கிடந்தது. அது மறந்துபோன காய் அல்ல. விதைக்கென்று கணவர் விட்டு வைத்தது. அதற்குப் பிறகு அந்தக் கொடியில் வந்த பெண் பூக்கள் எல்லாம் விரல் நுனி அளவுப் பிஞ்சிலேயே வெம்பிப் போயிருந்தன. மற்ற இரண்டு கொடிகளிலும் ஆளுக்கு இரண்டு மூன்று முற்றிய காய்கள். ஆண் பூ நிறைய இருந்தது, தேனீயும் வந்துகொண்டிருந்தது. ஆக, மகரந்தச் சேர்க்கைக் குறை என்று சொல்ல இடமில்லை.

கத்தரிக்காயில் பளபளப்பு போய்த் தோல் மங்கியிருந்தது. ஒன்றை அறுத்தால் உள்ளே விதை பழுப்பேறிக் கடினமாக இருந்தது. கையால் திருகிப் பறித்ததில் கிளைகளில் பட்டை உரிந்த தழும்புகள். மிளகாய் பாதிக்கு மேல் சிவந்து நின்றது. கீரை பூங்கதிர் விட்டுத் தண்டு முற்றிவிட்டது. தக்காளி மட்டும் வேறு கதை; அதைப் பின்னால் சொல்கிறேன்.

மற்ற சந்தேகங்களையும் பார்த்தாக வேண்டும் அல்லவா? வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் தேமல் நோய் இல்லை. இலைக்கு அடியில் வெள்ளை ஈ கூட்டம் இல்லை. ஓரமாக ஒரு கத்தரிச் செடியின் வேரைக் கிளறிப் பார்த்ததில் வேரைத் தாக்கும் நூற்புழுவின் முடிச்சு இல்லை. காராமணிக் கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கொஞ்சம் இருந்தது, காய்ப்பை நிறுத்தும் அளவுக்கு இல்லை. மண்ணில் ஈரம் சரியாக இருந்தது. மிச்சம் இரண்டு காரணங்கள்: அப்போது அடித்துக்கொண்டிருந்த கடும் வெயில், அப்புறம் அந்த யூரியா. யூரியா தருவது இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்); அது அதிகமானால் செடி பூவை விட்டு இலைக்குப் போகும். இங்கே அது கூடுதலாக ஒரு வேலை செய்தது: பெருத்த இலைகள் முற்றிய காய்களை இன்னும் நன்றாக மறைத்துவிட்டன.

காய் நின்றால் பூ ஏன் நிற்கிறது

வெண்டை, வெள்ளரி, காராமணி போன்ற ஓராண்டுச் செடிகளுக்கு விதை முற்றினால் வேலை முடிந்தது. நாம் இளங்காயாகப் பறிக்கும்போது அந்த வேலை ஒவ்வொரு முறையும் பாதியில் நிற்கிறது. செடி மறுபடி பூக்கிறது. காயை விட்டுவைத்தால் இலைகள் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு விதை வளரும் காய்க்குள் போகும். அது மட்டுமில்லை, வளரும் விதைகளில் உருவாகும் ஆக்சின் போன்ற வளர்ச்சிப் பொருட்கள் மற்ற மொட்டுகளையும் பிஞ்சுகளையும் அடக்கவும் செய்யும். முதலில் பிடித்த காய் அடுத்து வருபவற்றை அடக்குவது வெள்ளரியில் கண்கூடாகத் தெரியும். சோயாவில் காய்களை எடுத்துக்கொண்டே இருந்தால் இலை பழுப்பதே தள்ளிப்போகும் என்று சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

கத்தரியும் மிளகாயும் கொஞ்சம் வேறு மாதிரி. உறைபனி இல்லாத இடத்தில் இவை சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். முற்றிய காய் நின்றால் சாகாது, மந்தமாகும். அதனால் மீளுவதும் மெதுவாகத்தான் இருக்கும் என்று அந்தத் தம்பதியிடம் முதலிலேயே சொல்லி வைத்தேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பிடுங்க வேண்டாம் என்பது. வெண்டையின் உச்சிக் குருத்து உயிரோடு இருந்தது, இலைக் கக்கங்களில் குட்டி மொட்டுகளும் இருந்தன. புதிதாக விதைத்தால் முதல் காய்க்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம் ஆகும். இருக்கிற செடி திரும்பக் காய்க்குமா என்பது இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். காத்திருப்பதில் பெரிய நட்டம் இல்லை. கீரைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. பூங்கதிர் வந்த தண்டை வெட்டினாலும் துளிர்ப்பது மெலிந்து, சீக்கிரமே மறுபடி பூக்கும். அதைப் பிடுங்கி மறுபடி விதைத்தார்கள்.

இரண்டாவது, முற்றியவை அனைத்தையும் ஒரே நாளில் அகற்றுவது. கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாமே என்று கணவர் கேட்டார். ஒரு செடியில் ஒரே ஒரு முற்றிய காய் மிஞ்சினாலும் அடக்குதல் தொடரும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. கையால் திருகாமல் கத்தரிக்கோலால் வெட்டினோம். வெண்டையில் மஞ்சளான அடி இலைகளை மட்டும் எடுத்தோம், காய் கண்ணில் படுவதற்காக. பச்சை இலையைத் தொடவில்லை; இனி வரும் காய்க்குச் சாப்பாடு போடுவது அதுதான். அகற்றியவை ஒரு கூடை நிறைய வந்தன. எல்லாம் உரக்குழிக்குப் போயின.

மூன்றாவது, யூரியாவை நிறுத்தினோம். மக்கிய தொழு உரம் மட்டும் ஒரு கை, தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி.

நான்காவது, பறிப்புக்கு ஒரு முறை. வெண்டை, வெள்ளரி, காராமணி மூன்றும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேண்டுமா வேண்டாமா என்று பார்க்காமல். வெண்டை ஒரு விரல் நீளம் வந்தால் போதும். வெள்ளரியை அந்த ரகத்தின் முழுப் பருமனுக்குக் காத்திராமல், நிறம் மாறும் முன்பே. காராமணியைப் பயறு புடைக்கும் முன்பு, ஒரு கையால் பூங்காம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காயை மட்டும். கத்தரியும் மிளகாயும் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை. கத்தரியைத் தோல் பளபளக்கும்போதே, சிறிது காம்போடு வெட்டி. வெயில் ஏறும் முன் பறித்தால் காய் துவளாது. ஆனால் காராமணியில் மட்டும் பனி ஈரம் காய்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஈர இலைகளுக்குள் கைவிட்டுப் பறித்தால் நோய்க் கிருமிகள் செடிக்குச் செடி பரவும்.

இவ்வளவு சொன்னதும் அந்த அம்மா கேட்ட கேள்விதான் முக்கியமானது. "எல்லாத்தையும் பறிச்சிட்டா அப்புறம் அத்தனையையும் என்ன பண்றது?" செடியில் விட்டு வைத்ததற்கு உண்மையான காரணம் இதுதான். இதற்கு வழி சொல்லாமல் மேலே சொன்ன எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது. குளிர்பெட்டியில் அடுக்கலாம் என்றால், வெள்ளரி, கத்தரி, வெண்டை மூன்றும் கடுங்குளிருக்கு ஆகாதவை. 10 டிகிரி செல்சியஸுக்கு வெகு கீழே நாள்கணக்கில் வைத்தால் குழி விழுந்து அழுகும். குளிர் குறைந்த தட்டில் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். ஆகவே மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது, கொடுக்கவும் முடியாத நாளில் பறித்து உரக்குழியில் போடுவது என்று பேசி வைத்தோம். நல்ல காயை உரத்தில் போடுவதா என்று அவருக்கு மனசே ஆகவில்லை. வெண்டைச் சுணைக்கு மெல்லிய கையுறையும் முழுக்கைச் சட்டையும் போதுமானதாக இருந்தது. சின்ன விஷயம், ஆனால் கீழ்க் காய்கள் தப்பாமல் கைக்கு வந்தது இதனால்தான்.

ஐந்தாவது, விதைக்காய். மஞ்சள் வெள்ளரியை எடுத்துவிடலாம் என்றேன். கணவர் ஒப்பவில்லை. கலப்பின ரகமாக இருந்தால் வற்புறுத்தியிருப்பேன். அதன் விதை தாய்ச்செடி போல வராது. இது சாதா ரகம், பக்கத்தில் வேறு வெள்ளரியும் இல்லை. அவர் ஆசையிலும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்த ஒரு கொடியை விதைக்கென்றே விட்டுவிடுவது, அதில் வேறு காய் எதிர்பார்ப்பதில்லை, மற்ற இரண்டிலும் ஒரு காயைக்கூட முற்ற விடுவதில்லை என்று முடிவாயிற்று. ஒரே பந்தலில், ஒரே மண்ணில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இது எதிர்பாராமல் உதவியது.

அடுத்து வந்த வாரங்கள்

முதல் வாரம் ஒன்றுமில்லை. காயும் போய் இலையும் குறைந்து தோட்டம் மொட்டையாகத் தெரிந்தது. பிடுங்கியே இருக்கலாம் என்று கணவர் சொன்னார். இரண்டாம் வாரம் பிறந்ததும் வெண்டையில் அடுத்தடுத்த கணுக்களில் மொட்டு தெரிந்தது. அந்த வாரக் கடைசியில் முதல் காய்கள் பறிபட்டன. அதன் பிறகு ஒன்றுவிட்ட நாள் பறிப்பு நிற்கவில்லை. ஒவ்வொரு காயும் முன்பு பறித்ததைவிடச் சிறியது, எண்ணிக்கையில் அதிகம். சில செடிகளில் அடித்தண்டிலிருந்து பக்கக் கிளையும் வந்தது.

காராமணியில்தான் பாடம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே கொடியில், காம்பு தப்பித்த இடங்களில் அதே நுனியில் மறுபடி பூ வந்து காய் பிடித்தது. காம்பைப் பிய்த்த கணுக்கள் வெறுமையாகவே நின்றன. அங்கே புதிதாக வந்தது கொடியின் மேல் வளர்ச்சியில் மட்டும். அதைப் பார்த்த பிறகு காம்பைப் பிடித்துக்கொண்டு பறி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளரியில் பறித்த இரண்டு கொடிகளும் புதுப் பெண் பூ விட்டுக் காய் பிடித்தன. விதைக் கொடி அப்படியே நின்றது. அதன் இலைகள் அடியிலிருந்து பழுத்து, காய் முழுதாக முதிர்ந்த சமயத்தில் கொடியும் காய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் அதற்குப் பிறகும் காய்த்தன, இலையில் சாம்பல் நோய் வரும்வரை. பறிப்பு முறையால் அந்த நோயைத் தடுக்க முடியாது.

மிளகாயில் பச்சையாகவே பறிக்கத் தொடங்கியதும் பூ கூடியது. பழமாக வேண்டும் என்பதற்காக ஒரு செடியைத் தனியாக விட்டார்கள். அதில் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. கத்தரி, எதிர்பார்த்தபடி, மெதுவாகத்தான் திரும்பியது. பட்டை உரிந்த கிளைகளை வெட்டிவிட்டதால் பக்கத் தளிர் வந்து, அதில்தான் பூ பிடித்தது. கத்தரி தேறியது காயை எடுத்ததாலா, கிளையை வெட்டியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தக்காளியில் பறிப்பு முறையால் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதில் பூ உதிர்ந்தது வெப்பத்தால். இரவு வெப்பம் குறைந்த பிறகு தானாகக் காய் பிடித்தது. நிறம் திரும்பத் தொடங்கும்போதே பறித்து உள்ளே பழுக்க வைத்தது வெடிப்பையும் பறவைத் தொல்லையையும் குறைத்தது, அவ்வளவே.

நடுவில் ஒரு முறை யாருக்கும் நேரமில்லாமல் நாலைந்து நாள் பறிப்பு விட்டுப்போனது. வெண்டையில் செடிக்கு ஓரிரண்டு காய் முற்றியது. அடுத்த வாரம் பூ குறைந்தது. முற்றியதை வெட்டிய பிறகு மீண்டது. திட்டமிடாமல் நடந்ததுதான், ஆனால் முதலில் சொன்ன காரணத்துக்கு இது நல்ல சாட்சி.

காரணம் எவ்வளவு உறுதி

யூரியாவை நிறுத்தியது, முற்றிய காயை எடுத்தது, முறையாகப் பறித்தது எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தன. அதனால் எல்லாப் பெருமையையும் பறிப்புக்கே கொடுக்க முடியாது. ஆனால் வெண்டையும் காராமணியும் மீண்டபோது வெயில் தணியவில்லை. வெள்ளரியின் மூன்று கொடிகளுக்கும் உரமும் தண்ணீரும் ஒன்றுதான். மாறியது காய் நின்றதும் நிற்காததும் மட்டும். இந்த மூன்று பயிருக்கும் பறிப்புதான் முதல் காரணம் என்று சொல்லத் தயங்க மாட்டேன். கத்தரிக்கு ஓரளவு. தக்காளிக்கு இல்லை. பூசணி போல முற்றிய காயாகவே எடுக்கும் பயிர்களுக்கு இந்த முறையை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே கொடிக்கு எத்தனை காய் விடுவது என்பதுதான் கேள்வி.

அடுத்த பருவத்துக்கு மாற்றியவை

விதைக்கு விடும் செடியை நடும்போதே முடிவு செய்து, வரிசையின் ஓரத்தில் வைத்து, தண்டில் துணி கட்டி அடையாளம் செய்கிறார்கள். வெண்டையில் ஒன்று, காராமணியில் ஒரு குத்து, வெள்ளரியில் ஒரு கொடி. மற்றவற்றில் விதைக்கு ஒன்றும் விடுவதில்லை.

வெண்டையை மொத்தமாக விதைக்காமல் பாதியை முதலிலும் மீதியைச் சில வாரம் கழித்தும் விதைக்கிறார்கள். ஒரே நேரத்தில் குவிந்து, எடுக்க மனமில்லாமல் செடியில் விட்டுவைக்கும் நிலை இதனால் குறையும். செடிகளுக்கு இடையே இடைவெளியையும் கூட்டியிருக்கிறார்கள், குனிந்தால் அடிக் காய் தெரியும்படி. கீரையை இனிப் பூங்கதிர் வரும்வரை விடுவதில்லை. கீழே சில கணுக்கள் விட்டு நுனியை வெட்டி, பக்கத் துளிர் வந்ததும் மறுபடி வெட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

பறிப்பு இப்போது மனைவியின் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. கணவர் பெரிதாக விடச் சொன்னாலும் அவர் கேட்பதில்லை. வெளியூர் போனால் பக்கத்து வீட்டாரிடம், தண்ணீர் விடுவதைவிடப் பறிப்பது முக்கியம், பறித்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கத்தரிக்கோலையும் கையுறையையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.